அரிசிப் பானையில் இல்லாத துண்டு

எங்கள் அத்தானுக்குத் தண்ணீர்க் குழாய்க்கு ஒரு வாஷர் மாற்றத் தெரியாது. மாற்றப் போனால் குழாயும் கையோடு வரும், முற்றமெல்லாம் வெள்ளமாகும், பிறகு நான் ஓடிப்போய்த் தாங்கியைப் பூட்ட வேண்டும். அப்படிப்பட்ட மனிதர்தான் ஒரு பந்தயக் காரின் எஞ்சினை வீட்டில் வைத்தே வெளியே எடுத்து, பிரித்து, கழுவி, திரும்பவும் பூட்டிக் காட்டப்போகிறேன் என்று நின்றார். தபால் கந்தோரில் முத்திரை குத்துவது அவருடைய உத்தியோகம். கையில் கறை படும் என்பதைத் தவிர இரண்டு வேலைக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

அந்தக் காரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சிவப்பு நிறம், இரண்டே இரண்டு ஆசனம், கூரைக்குப் பதிலாக மடக்கி விரிக்கிற ஒரு துணி. மலைநாட்டுத் தோட்டமொன்றில் யாரோ ஒரு துரை ஓட்டித் திரிந்துவிட்டுப் போனது, பல கை மாறி அத்தானிடம் வந்து சேர்ந்தது. மணிக்கு நூறு மைல் போகுமாம். எங்கள் ஊர்க் கல்லடிப் பாலமோ அப்போது ஒற்றை வழி. எதிரே ஒரு மாட்டு வண்டி ஏறிவிட்டால் அது இறங்கும்வரை இந்தப் பக்கம் நிற்க வேண்டும். பாலத்தைத் தாண்டினால் சோதனைச் சாவடி. இறங்கு, நட, அடையாள அட்டையைக் காட்டு, ஏறு, அடுத்த சாவடி. இந்த ஊரில் நூறு மைல் வேகக் கார் நாய்க்குக் கிடைத்த முழுத்தேங்காய் என்று அத்தானின் முகத்துக்கு நேரேயே சொல்லியிருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டு பொனட்டைத் துடைப்பார்.

என் நாக்கு அப்படித்தான். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை வேட்டியை உதறிக்கொண்டு இன்னொருத்தியின் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டியதுதான். என்னைச் சேர்த்துக்கொள்ள எந்த வீடும் முன்வரவில்லை, அதனால் அக்கா வீட்டின் பின்னறையில் கிடந்தேன். அப்பா கட்டிய வீட்டின் முன்பக்கத்தில் மருமகனின் கார் நிழலில் நிற்கும். அப்பாவின் மகன் பின்னால் அடுப்புப் புகையில் இருப்பான். இதை நினைத்துத்தான் எனக்கு அத்தானைக் கண்டால் எரிச்சல் என்று ஊர் பேசிக்கொண்டது. ஊர் சொன்னதில் பாதி சரி.

இனிச் சொல்லப்போவதை அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் பெட்ரோல் வாகனம் வைத்திருந்த எல்லாரும் அறிவார்கள். எஞ்சினின் பக்கத்தில் டிஸ்ரிபியூட்டர் என்று ஒரு கறுப்பு மூடி இருக்கும். அதைத் திறந்தால் உள்ளே பெருவிரல் அளவில் ஒரு துண்டு, அதற்கு ரோட்டர் என்று பெயர். அதைக் கழற்றி எடுத்துவிட்டால் எப்பேர்ப்பட்ட கொம்பனாலும் வாகனத்தை ஸ்டார்ட் பண்ண முடியாது. துவக்கோடு வருபவர்கள் "ஒரு அவசரம், விடியத் தாறம்" என்று சாவியை வாங்கிப் போவார்கள். எந்தத் துவக்குக்காரர் என்று கேட்காதீர்கள், எங்களிடம் எல்லா வகையும் இருந்தது. போன வாகனம் விடிந்தும் வராது, வருடம் கழிந்தும் வராது. இரண்டு ஆசனக் காரை யார் கேட்கப்போகிறார்கள் என்று நான் நக்கலடித்தபோது அக்கா சொன்னாள், "ஒருத்தன் ஓட்ட, ஒருத்தன் சுட. அவனுகளுக்கு ரெண்டு சீற்று காணும்தானே." அவள் சொன்னது சரிதான்.

ஆகவே பொழுதுபட்டுச் சாமியறையில் விளக்கு வைத்ததும் அக்கா முற்றத்துக்கு வந்து ரோட்டரைக் கழற்றுவாள். சீலைத் தலைப்பில் துடைத்து அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பாள். படலை சாத்துவது போல அதுவும் ஒரு மாலை வேலை. காலையில் அத்தான் அரிசிக்குள் கைவிட்டு எடுத்து மாட்டிக்கொண்டு கந்தோருக்குப் போவார்.

அந்த மார்கழியில் அக்கா கிணற்றடியில் வழுக்கி விழுந்து வலது காலை முறித்துக்கொண்டாள். முழங்காலுக்கு மேலே வரை மாக்கட்டு. டிசம்பர் இருபத்தைந்து, நத்தார் நாள் பின்னேரம் கட்டிலில் இருந்தபடியே என்னைக் கூப்பிட்டாள். "தம்பி, அதக் கழட்டிப் பானைக்க வெச்சிரு." கழற்றினேன். கையோடு சட்டைப் பையில் போட்டேன். பானையடிக்குப் போகுமுன் பக்கத்து வீட்டுக்காரர் பலகாரத் தட்டோடு வந்தார், கதை நீண்டது, படுத்துவிட்டேன். மறுநாள் ஞாயிறு, பூரணை. கரடியனாற்றுப் பக்கம் எனக்கு ஒரு துண்டு வட்டை இருந்தது, அந்த வயலுக்கு மருந்தடிக்க வேண்டும். இருட்டோடு எழும்பி, அதே சட்டையை மாட்டிக்கொண்டு முதல் பஸ் ஏறினேன்.

அன்று காலைதான் கடல் வந்தது.

அத்தான் பிறகு எல்லாரிடமும் ஒரே மாதிரித்தான் சொன்னார். சனம் கத்திக்கொண்டு பாலத்தை நோக்கி ஓடியது, அக்காவால் ஓட முடியாது, தூக்கிப் போய்க் காரில் இருத்தினார், சாவியைத் திருப்பினார், எஞ்சின் பிடிக்கவில்லை. திரும்பத் திரும்பத் திருப்பியும் பிடிக்கவில்லை. பிறகு அவளை முதுகில் சுமந்துகொண்டு வாவிப் பக்கமாக ஓடினார். கட்டுப் போட்ட கால் ஒரு மரக்குற்றி அளவு பாரம். தண்ணீர் வந்து பிரித்துவிட்டது. அத்தான் ஒரு தென்னையில் மாட்டிக் கிடந்தார். அக்காவை மூன்றாம் நாள் வாவிக் கரையில், கண்டல் மரங்களுக்குள் எடுத்தோம்.

சட்டைப் பையில் அந்தத் துண்டு இருப்பதை நான் அன்று மத்தியானமே கண்டுவிட்டேன். கரடியனாற்றுச் சந்தியில் நின்ற சனம் "கல்லடி இல்லையாம்" என்று சொன்னபோது, பஸ் காசு எடுக்கக் கைவிட்டேன். சில்லறையோடு அதுவும் வந்தது.

செத்த வீட்டில் ஒருவர், எங்கள் ஊரில் இப்படிக் கேட்க ஒருவர் எப்போதும் இருப்பார், அத்தானிடம் கேட்டார்: "ரோட்டரப் போட்டுட்டுத்தானே திருப்பின நீ?" அத்தான் தலையை நிமிர்த்தாமலே "ஓம், போட்டன். எஞ்சின்தான் பிடிக்கல்ல" என்றார். நான் இரண்டடி தள்ளி நின்றேன், துண்டு என் இடுப்பு மடிக்குள் இருந்தது. பதற்றத்தில் ரோட்டரையே மறந்துபோய்த் திருப்பியிருக்கிறார், இப்போது வெட்கத்தில் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டினேன். அப்படி முடிவு கட்டுவது எனக்கு வசதியாக இருந்தது. அன்றிலிருந்து ஊரில் அத்தான் பெயர், பெண்சாதியைக் காப்பாற்ற முடியாத காரை வைத்துக் கொஞ்சியவன். அந்தப் பெயரை ஊருக்கு எடுத்துக் கொடுத்தவனே நான்தான். "சனிக்கிழமை முழுக்கக் கார்பரேட்டரக் கிண்டினவர், ஞாயிறு எப்படிப் பிடிக்கும்?" என்று கடை கடையாகச் சொன்னேன்.

காரை வாவிக் கரைச் சேற்றில், மூக்குக் குத்தி நின்ற நிலையில் கண்டுபிடித்தார்கள். இழுத்துக்கொண்டு வந்து முற்றத்தில் விட்டார் அத்தான். வீட்டில் இரண்டு சுவரும் சாமியறையும்தான் மிச்சம். தலைக்கு மேலே கூரை இல்லாத மனிதர் கூரையில்லாத காருக்குத் தறப்பாள் கட்டினார். இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடுங்கள் என்றேன். "எஞ்சினைக் கழட்டிப் பாக்கணும் மச்சான்" என்றார். நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். எஞ்சினைப் பிரித்தால் ஒருநாள் பூட்ட வேண்டும், பூட்டினால் அந்தக் கறுப்பு மூடியைத் திறக்க வேண்டும், திறந்தால் உள்ளே வெறும் குழி. அது வெறுமையாக இருப்பது ஏன் என்று ஊரே கேட்கும். எஞ்சின் வேலை முடியக்கூடாது. அதற்கு எனக்குத் தெரிந்த ஒரே ஆயுதம் என் வாய்.

அவருடைய பாடப்புத்தகம் கடலில் ஊறிக் காய்ந்த ஒரு கைநூல். பக்கங்கள் அப்பளம் மாதிரி ஒட்டிக் கிடந்தன. ஒட்டிய பக்கங்களில் என்ன இருந்ததோ அதெல்லாம் ஊகம். றேடியேட்டர், கார்பரேட்டர், புகைக்குழாய் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி, ஆணிகளை நிவாரணத்தில் கிடைத்த பால்மா டின்களில் போட்டு, டின்னின் மேல் முத்திரை குத்துகிற கையெழுத்தில் எழுதி வைத்தார்.

தூக்குகிற நாள் எங்கள் ஊரின் அறிவெல்லாம் முற்றத்தில் கூடியது. நின்ற இரண்டு தென்னைகளுக்குக் குறுக்கே ஒரு மரத்தைக் கட்டி, தோணிக்காரரிடம் வாங்கிய இரண்டு கப்பிகளைத் தொங்கவிட்டார்கள். எஞ்சினின் முன்தலையில் ஒரு கயிறு, பின்தலையில் ஒரு கயிறு. ஒன்று வடக்கே போனது, மற்றது தெற்கே போனது. அத்தோடு எல்லாம் கெட்டது. எங்கள் ஊரில் பிறந்தவன் எவனும் கண்ணகி அம்மன் கோயில் கொம்புமுறிக்கு வடசேரியாகவோ தென்சேரியாகவோதான் பிறக்கிறான். இரண்டு கொம்பைக் கொழுவிக் கயிறு கட்டி இழுத்து, எந்தச் சேரியின் கொம்பு முறிகிறதோ அந்தச் சேரியைத் தெருத்தெருவாக வசை பாடும் விளையாட்டு அது. கொம்புமுறி நடந்து பல வருடம். ஆனால் கயிற்றைக் கண்டதும் ஆட்கள் தாங்களாகவே பிரிந்து வடக்கே வடசேரியும் தெற்கே தென்சேரியுமாக நின்றுவிட்டார்கள். நேற்றுத்தான் அகதி முகாமில் ஒரே கிடாரத்துக் கஞ்சி குடித்தவர்கள்.

இழுத்தார்கள். எஞ்சின் வரவில்லை. காரே முன்சக்கரம் இரண்டையும் தூக்கிக்கொண்டு எழும்பியது. அத்தான் அடியில் ஒரு ஆணியைக் கழற்ற மறந்திருந்தார், அதுவும் ஒட்டிய பக்கத்தில் இருந்திருக்கும். ஆனால் அதை யார் பார்த்தார்கள்? வடசேரி "தென்சேரியான் பின்னால இழுக்கிறான்" என்று கத்தியது. தென்சேரி "வடசேரிக்குப் பாலும் பழமும் குடுத்தாலும் பலம் காணாது" என்று பதில் பாடியது. இன்னும் மூச்சுப் பிடித்து இழுத்தார்கள். ஆணி முறிந்தது. எஞ்சின் ஒரு பன்றி மாதிரி உறுமிக்கொண்டு மேலே போய்க் குறுக்கு மரத்தில் மோதியது, கார் கீழே விழுந்தது. இரண்டு சேரியும் தாங்களே வென்றதாகச் சொல்லிக்கொண்டு தேத்தண்ணி குடித்தன. நான் சிரித்த சிரிப்பில் எனக்குப் புரையேறியது. அக்கா போன பிறகு நான் சிரித்தது அன்றுதான்.

பிஸ்டன் நாலும் உப்பில் இறுகிக் கிடந்தன. அத்தான் டீசலும் தேங்காயெண்ணெயும் கலந்து ஊற்றி வைத்தார். "தலைக்கு வைக்கிறத எஞ்சினுக்கு வைக்கிறார், முடி முளைக்கும்" என்றேன். பத்தொன்பதாம் நாள் ஒரு பிஸ்டன் அசைந்தது. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

வெள்ளை வாகனங்களில் தொண்டர்கள் வந்தார்கள். தபால்காரரான அத்தானுக்கு வாழ்வாதாரம் என்று ஒரு மீன்வலையும் மிதக்கும் சட்டையும் கொடுத்தார்கள். மனதை ஆற்ற வந்த பெண் ஒருத்தி கடலை வரையச் சொன்னாள். அவர் வால்வு வேலை செய்யும் விதத்தை வரைந்து, பெயர்களும் குறித்துக் கொடுத்தார். அவள் அதைப் பார்த்துக் கண் கலங்கி என்னவோ எழுதிக்கொண்டு போனாள். அந்த வலையை அத்தான் எண்ணெய் வடியவிடப் பாவித்தார். பிஸ்கட் பெட்டி அட்டைகளைச் சவர அலகால் வெட்டி எண்ணெய் கசியாமலிருக்க எஞ்சினுக்குக் காஸ்கெட் செய்தார்.

பிறகு சண்டை திரும்ப வந்தது. ஊருக்குள்ளிருந்து அடித்த செல் குண்டு எங்கள் தலைக்கு மேலால் வாவியைத் தாண்டிப் படுவான்கரைக்குப் போகும். கரடியனாற்றுக்குப் பாதை மூடியதால் என் வட்டையும் போனது. வேலையில்லாமல் முற்றத்தில் குந்தியிருந்து அத்தானை ஏசுவதே எனக்கு வேலையாயிற்று. மேலே செல் கூவிக்கொண்டு போகும், கீழே அவர் வால்வைப் பசை போட்டுத் தேய்த்துக்கொண்டிருப்பார், கிர்ர், கிர்ர் என்று. "ஊர் எரியுது, நீங்க உரசிக்கிட்டு இரிக்கீங்க" என்பேன். "இன்னும் ரெண்டு வால்வு கிடக்கு மச்சான்" என்பார். அந்த வருடங்களில் நான் அவரைச் சொல்லாத சொல் இல்லை. கையாலாகாதவர் என்றிருக்கிறேன். அக்காவுக்குப் பதிலாக எஞ்சினைக் கட்டியிருக்கலாம் என்றிருக்கிறேன். ஒருநாள், குடித்திருந்தேன், "ஒரு சாவி திருப்பத் தெரியாதவனுக்கு எங்கட அப்பா பெண் குடுத்தாரே" என்றும் சொன்னேன். அவர் ஸ்பனரைத் துடைத்து வைத்துவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்து எனக்குச் சோறு போட்டு எடுத்து வந்தார்.

உடைந்த பொருளெல்லாம் காத்தான்குடியில் உதிரிப்பாகக் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் அண்ணனிடமிருந்துதான் வரும், நாங்கள் காக்கா என்போம். அவர் கொழும்புக்குச் சொல்லி எடுப்பார். ஐந்தாம் வருடச் சித்திரையில் அத்தானுக்குக் காய்ச்சல், பிளக் வாங்க என்னை அனுப்பினார். காக்கா பிளக் நாலையும் கடுதாசியில் சுற்றிக்கொண்டே சொன்னார். "உங்கட மச்சான் பெரிய வேலக்காரன்தான். எல்லாம் எடுத்திட்டார். ரோட்டர் ஒண்ட மட்டும் நானாக் கொண்டந்து காட்டியும் வேணாம் எண்டிட்டார். அது வீட்ட இரிக்காம்."

நான் சைக்கிளை உருட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். அன்றிலிருந்து என் நாக்கும் அடங்கியது. ஏன் மச்சான் பேசாமல் இருக்கிறாய் என்று அத்தான் கேட்கவும் இல்லை.

வைகாசியில் சண்டை முடிந்தது என்றார்கள். பட்டணத்தில் வெடி கொளுத்தினார்கள். முச்சக்கர வண்டிகளில் கொடி கட்டச் சொன்னார்கள், கட்டினார்கள். கண்ணகி அம்மன் கோயிலில் சடங்கு தொடங்கியிருந்தது. சனம் எதற்கு வெடி, எதற்குப் பறை என்று பிரித்துக் கேட்காமல் பேசாமல் இருந்தது. அந்தக் கிழமைதான் எஞ்சின் காருக்குள் இறங்கியது. இந்த முறை அத்தான் காத்தான்குடியிலிருந்து ஒரு சங்கிலிக் கப்பி கொண்டுவந்து தனியாகவே இறக்கினார். சேரிக்காரர் ஒருவரையும் கூப்பிடவில்லை.

பின்னேரம் என்னைக் கூப்பிட்டார். புதுப் பற்றரி, புதுப் பெட்ரோல், நாலு பிளக்கும் மாட்டியாயிற்று. குனிந்து கறுப்பு மூடியைத் திறந்து பக்கத்தில் வைத்தார். உள்ளே குழி வெறுமையாக இருந்தது. என் பக்கம் திரும்பாமலே கையை மட்டும் நீட்டினார்.

"மச்சான், அத இப்ப தா."

எதை என்று கேட்க வாயெடுத்தேன். அந்த அளவுக்கு எனக்கு வெட்கமில்லை. நீட்டிய கை அப்படியே இருந்தது. தகரம் அடித்துத் திரும்பக் கட்டியிருந்த பின்னறைக்குப் போய், சவரப் பெட்டிக்குள் பஞ்சு சுற்றி வைத்திருந்ததை எடுத்து வந்து அந்தக் கையில் வைத்தேன். அவர் அதை இடுப்புச் சாரத்தில் துடைத்தார், அக்கா துடைப்பது போலவே, மேலும் கீழுமாக இரண்டு தரம்.

"எப்ப தெரியும் அத்தான்?"

"அண்டைக்கே தெரியும். சாவியத் திருப்ப முதல் பானையக் கவிட்டுக் கொட்டினன். அரிசி முழுக்க நிலத்தில. இல்ல. உன்ட அக்கா கார்ல இருந்து கத்திச் சொன்னாள், தம்பிட சட்டைப் பையில இரிக்கும், மறந்து போயிருப்பான் எண்டு. நான் சும்மா, ஒரு ஆசைக்குத்தான் திருப்பினன்." துண்டை உள்ளே இருத்தி, மூடியைப் பூட்டினார். "மறுகா, முதுகில இருக்கக்க சொன்னாள். அவன ஏசிப்போடாதீங்க எண்டாள்."

நாலரை வருடம் நான் ஏசினேன். அந்த மனிதர் ஒரு சொல்லும் சொல்லவில்லை, ஊரையும் சொல்லவிடவில்லை. எனக்கு அழுகை வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாந்திதான் வந்தது. வேலியோரம் போய் எடுத்துவிட்டுத் திரும்பினேன். அவர் காரின் மற்றப் பக்கத்து ஆசனத்தில், அக்காவை இருத்திய ஆசனத்தில், ஏறி இருந்தார்.

"நீ திருப்பு" என்றார்.

எனக்கு ஓட்டக்கூடத் தெரியாது. ஏறி இருந்து சாவியைத் திருப்பினேன்.

எஞ்சின் முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது.